25 ரூபாய் பங்கும் இரண்டு கப்பல்களும்

நிதி மேலாண்மையில் நடைமுறை மூலதனம் என்ற அத்தியாயம் வந்தாலே வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஆனால் அதற்கு நல்ல உதாரணம் கோவில்பட்டிக் கரிசல் மண்ணிலேயே இருக்கிறது!

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே இருக்கும் ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவர் கப்பல் ஓட்டியது எல்லோருக்கும் தெரியும். கப்பலுக்குப் பணம் எப்படி வந்தது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர் ஆனார்.

முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியால் கப்பல் கொடுத்தவர் பின்வாங்கினார். வேறு வழியில்லாமல் சொந்தக் கப்பல் தேட வேண்டியதாயிற்று. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

சிக்கலும் இங்கேதான். பங்குப் பணத்துக்கு வட்டி கட்ட வேண்டாம், அது சரி. ஆனால் கப்பலாக மாறிய பணத்தை வைத்து நிலக்கரி வாங்க முடியாது, மாலுமிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதற்குத் தினமும் கட்டண வசூல் வர வேண்டும். எதிரி கை வைத்தது அந்த வசூலில்தான்! கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அங்கே பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். பல வழித்தடங்களில் சம்பாதிக்கும் கம்பெனி ஒரு வழித்தடத்தில் நஷ்டத்தைத் தாங்கும். இரண்டு கப்பல் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். பணம் திரட்டியவரே சிறையில். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை.

சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்கும் கீழே விற்பதை இந்தியாவின் 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. அன்று அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால்? சுதேசிக் கம்பெனி தோற்றது தேசபக்தி குறைந்ததால் அல்ல. எதிரியின் கஜானா பெரியது, அரசாங்கமும் அவன் பக்கம். அடுத்த முறை நடைமுறை மூலதனம் பாடம் வரும்போது அந்த இரண்டு கப்பல்களையும் நினைத்துப் பாருங்கள், கொட்டாவி வராது.