வாய்ச்சவடால் வீரர்கள்: அனிமேயிலும் வீடியோ கேமிலும் தற்பெருமைக்காரர்களின் வரலாறு

ஜப்பானிய மொழியில் "நான்" என்பதற்கு ஒரே ஒரு சொல் கிடையாது. பணிவாகப் பேசும்போது "வத்தாஷி", சிறுவர்கள் பேசும்போது "போக்கு", முரட்டுத்தனமாகப் பேசும் ஆண்களுக்கு "ஓரே" என்று ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப அது மாறும். பெயருக்குப் பின்னால் மரியாதைக்காகச் சேர்க்கும் "சாமா" என்ற விகுதியைப் பிறருக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். கடவுளுக்குச் சேர்க்கலாம், கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குச் சேர்க்கலாம். தனக்குத் தானே சேர்த்துக்கொண்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அனிமேயிலும் வீடியோ கேமிலும் சில கதாபாத்திரங்கள் தங்களை "ஓரே-சாமா" என்றே சொல்லிக்கொள்ளும். தமிழில் ஒருவர் "நானார் அவர்கள் வந்துவிட்டேன்" என்று அறிவித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்!

ஆணவம் பிடித்த வில்லன்கள் எல்லா நாட்டுக் கதைகளிலும் உண்டு. அவர்களைக் கண்டால் பயம் வரும், ஏனென்றால் அவர்களிடம் பலமும் இருக்கும். இங்கே சொல்லப்போவது அவர்களைப் பற்றி அல்ல. பேச்சு மலையளவு, பலம் கடுகளவு என்று இருக்கும் கோமாளி ஆணவக்காரர்களைப் பற்றியது. மகாபாரதத்தில் அந்தப்புரத்துப் பெண்கள் முன்னால் வீரம் பேசிவிட்டு, கௌரவர் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடிய உத்தரகுமாரனின் இனம் இவர்கள். இவர்களைக் கதையில் எல்லோரும் கேலி செய்வார்கள். ஆனால் ரசிகர்கள் இவர்களை நாயகர்களுக்கு இணையாக நேசிப்பார்கள். இந்த விசித்திரத்திற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மரத்தின் மேல் ஒரு துறவி

ஜப்பானில் கர்வம் பிடித்த ஒருவரை "தெங்கு ஆகிவிட்டான்" என்று சொல்வார்கள். (நம் தென்னைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) தெங்கு என்பது நீண்ட மூக்கு கொண்ட ஒரு மலைப் பூதம். ஆணவம் மிகுந்த புத்தத் துறவிகள் இறந்தபின் தெங்கு ஆவார்கள் என்று இடைக்காலத்தில் நம்பினார்கள். 1296-ஆம் ஆண்டைச் சேர்ந்த "தெங்கு ஸோஷி" என்ற ஓவியச் சுருள், பெரிய மடங்களின் துறவிகளையே தெங்குகளாக வரைந்து கிண்டல் செய்கிறது. அதாவது ஆணவத்தைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் அங்கே 700 ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

அடுத்து மேடை நாடகம். "நோ" என்னும் கம்பீரமான நாடகங்களுக்கு இடையே நடிக்கப்படும் சிறு நகைச்சுவை நாடகங்களுக்கு "கியோகென்" என்று பெயர். அவற்றில் "காக்கி யாமாபுஷி" என்ற நாடகம் மிகவும் புகழ்பெற்றது. மலையில் கடும் தவம் செய்துவிட்டு வரும் ஒரு துறவி, பறக்கும் பறவையையும் மந்திரத்தால் கீழே விழ வைப்பேன் என்ற தோரணையில் மேடைக்கு வருகிறார். பசி எடுக்கிறது. வழியில் பெர்சிமன் மரம் (அதன் பழம் ஆரஞ்சு நிறத் தக்காளி போல இருக்கும்). மகா சக்தி வாய்ந்த துறவி திருட்டுத்தனமாக மரம் ஏறிப் பழம் தின்கிறார். தோட்டக்காரன் பார்த்துவிடுகிறான். அவன் சத்தம் போடவில்லை. "மரத்தில் இருப்பது காக்கையாக இருக்கும், காக்கை என்றால் கத்துமே" என்கிறான். துறவி காக்கை போலக் கத்துகிறார். "இல்லை, குரங்கு போலிருக்கிறது" என்கிறான். குரங்கு போலவும் கத்துகிறார். கடைசியில் "இது பருந்து, பருந்து என்றால் பறக்குமே" என்கிறான். துறவி கைகளை விரித்துப் பறக்க முயன்று தொப்பென்று விழுகிறார். பறவையை விழ வைப்பதாகச் சொன்னவர் தானே பறவையாகி விழுந்துவிட்டார்!

விழுந்த பிறகும் அவர் அடங்குவதில்லை. "நான் பெரிய துறவி, என்னை உன் வீட்டுக்குத் தூக்கிப் போய் வைத்தியம் பார்" என்று தோட்டக்காரனிடமே அதிகாரம் செய்கிறார். இந்தக் குணத்தைத்தான் பிற்காலத்து அனிமே கதாபாத்திரங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. அடி வாங்கினாலும் வாய் குறையாது.

வரிசையாக நின்று பெயர் சொல்லுதல்

தற்பெருமையின் இன்னொரு வேர் கபுகி நாடகத்தில் இருக்கிறது. 1862-இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) அரங்கேறிய ஒரு நாடகத்தில் ஐந்து திருடர்கள் ஆற்றங்கரையில் குடையோடு வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் பெருமையையும் பாட்டு நடையில் அறிவிப்பார்கள். பின்னாளில் கவாத்தாக்கே மொக்குவாமி என்று அறியப்பட்டவர் எழுதியது இது. பிடிக்க வந்த காவலர்கள் சூழ்ந்து நிற்க, திருடர்கள் நிதானமாகப் பெருமை பேசுவார்கள்!

இதே வடிவத்தை 1975-இல் தொலைக்காட்சிக்கு வந்த "கோரேஞ்சர்" தொடரில் பார்க்கலாம். ஐந்து நாயகர்கள், ஐந்து நிறங்கள், ஆளுக்கொரு போஸ். பிறகு நகைச்சுவை ஓவியர்களின் கையில் இதுவே கேலியானது. "டிராகன் பால்" கதையில் வரும் கின்யூ படையினர் சண்டையை விடப் போஸ் கொடுப்பதற்கே அதிகம் கவலைப்படுவார்கள். 1997-இல் தொடங்கிய "போக்கிமான்" அனிமேயில் ராக்கெட் குழுவினர் வந்ததும் தங்கள் முழக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அப்புறம் தோற்று வானத்தில் பறந்து நட்சத்திரமாக மறைவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே முழக்கம்.

பெண் கதாபாத்திரங்களுக்கு அடையாளம் சிரிப்பு. வாயருகே கையை வைத்து "ஓஹோஹோ" என்று சிரிக்கும் பணக்காரப் பெண்ணை அனிமே பார்க்கும் எவருக்கும் தெரியும். "ஸ்லேயர்ஸ்" கதையின் நாகா இந்தச் சிரிப்புக்கே பெயர் பெற்றவள்.

கில்கமேஷும் போலி வாளும்

வீடியோ கேமில் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஸ்குவேர் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட "ஃபைனல் ஃபேன்டஸி 5"-இல் வரும் கில்கமேஷ். பெரிய பாலம் ஒன்றில் நாயகர்களை வழிமறித்து வீரம் பேசுவான். தோற்கும் நிலை வந்ததும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி ஓடிவிடுவான். ஒரு சண்டையில் மிகப் பலம் வாய்ந்த வாள் தன்னிடம் இருப்பதாக நினைத்து ஓங்கி வெட்டுவான். அது "எக்ஸ்காலிபர்" அல்ல, "எக்ஸ்காலிப்பூர்" என்ற போலி. எவ்வளவு பலமாக வெட்டினாலும் எதிரிக்கு ஏற்படும் சேதம் 1 புள்ளி மட்டுமே! ஏமாந்தது தெரிந்ததும் அவனுடைய தலைவனே அவனை வேறு பரிமாணத்துக்குத் தூக்கி எறிந்துவிடுகிறான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கதையின் கடைசிப் பகுதியில் நாயகர்கள் ஒரு கொடிய எதிரியிடம் போராடும்போது கில்கமேஷ் திரும்பி வருகிறான். இம்முறை அவர்கள் பக்கம் நின்று, தன் உயிரைக் கொடுத்து எதிரியை வீழ்த்துகிறான். அதுவரை சிரித்துக்கொண்டே விளையாடியவர்கள் அந்த இடத்தில் திகைத்துப் போவார்கள். ரசிகர்களின் அன்பால் அவன் பின்னர் வந்த 8, 9, 12 ஆகிய பாகங்களிலும் தலைகாட்டினான்.

இளஞ்சிவப்பு உடையில் டான்

டான் ஹிபிகி பிறந்தது இரண்டு நிறுவனங்களின் போட்டியில். கேப்காம் நிறுவனத்தின் முதல் "ஸ்ட்ரீட் ஃபைட்டர்" 1987-இல் வந்தது. அதை இயக்கிய தகாஷி நிஷியாமா பிறகு எஸ்.என்.கே. நிறுவனத்தில் சேர்ந்தார். 1992-இல் எஸ்.என்.கே. வெளியிட்ட "ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்" ஆட்டத்தின் நாயகர்கள் ரியோ, ராபர்ட் இருவரும் கேப்காமின் ரியூ, கென் இருவரையும் நினைவூட்டினார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு புதுமையும் இருந்தது. எதிரியைக் கேலி செய்ய ஒரு பொத்தான்! கேலி செய்தால் எதிரியின் சக்தி அளவு குறையும்.

கேப்காம் வழக்குப் போடவில்லை, ஒரு கோமாளியை உருவாக்கியது. 1995-இல் வெளிவந்த "ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா" ஆட்டத்தில் மறைவான கதாபாத்திரமாக டான் வந்தான். ராபர்ட்டின் குடுமி, ரியோவின் சாயல், இளஞ்சிவப்புக் கராத்தே உடை. அவனுடைய கலைக்கு "சாய்க்யோ" என்று பெயர், "மிகப் பலமானது" என்று பொருள். ஆனால் அவன் எறியும் நெருப்புப் பந்து சிறிது தூரம் போவதற்குள் அணைந்துவிடும். கேலி மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்வான். பிந்தைய பதிப்புகளில், கஷ்டப்பட்டுச் சேர்த்த சக்தி முழுவதையும் செலவழித்து நீளமாகக் கேலி செய்யும் ஒரு "சிறப்பு நகர்வு" கூடக் கொடுத்தார்கள். அதனால் எதிரிக்கு ஒரு கீறலும் விழாது. ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் டானுக்குத்தான் உதை விழும்!

இதற்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. டானின் தந்தை கோ ஹிபிகி, தாய்லாந்து வீரன் சாகட்டுடன் மோதியபோது அவனுடைய ஒரு கண்ணைப் பறித்தார். கோபத்தில் சாகட் அவரை அடித்தே கொன்றுவிட்டான். பழிவாங்கும் எண்ணத்தோடு வந்தவன் என்று அறிந்து டானை அவனுடைய குருவும் விரட்டிவிட்டார். பிறகு டான் சாகட்டை எதிர்கொண்டபோது, தன்னிடம் இருந்த அதே வெறுப்பை அவனிடமும் கண்ட சாகட் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிறான். டான் தான் வென்றதாகவே நம்பித் துள்ளிக் குதிக்கிறான். இதை அறிந்தபின் அவனுடைய சவடாலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

மிஸ்டர் சாத்தான்

இந்த வரிசையில் முதலிடம் மிஸ்டர் சாத்தானுக்கு. அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை எழுதி வரைந்த "டிராகன் பால்" மாங்காவில் இவர் உலகக் குத்துச்சண்டை மன்னர் போல வலம் வரும் சாம்பியன். சாதாரண மனிதர்களில் பலசாலிதான். ஆனால் மலைகளைத் தகர்ப்பவர்களும் வானில் பறப்பவர்களும் உள்ள கதையில் அவர் எம்மாத்திரம்? அமெரிக்கத் தொலைக்காட்சியில் மதச் சர்ச்சை வராமலிருக்க இவர் பெயரை "ஹெர்க்கியூல்" என்று மாற்றினார்கள்.

செல் என்ற அசுரன் உலகை அழிக்க வரும்போது, தொலைக்காட்சிக் கேமராக்களோடு வந்து இறங்குகிறார் சாத்தான். பறப்பதும் ஒளிவீசுவதும் வெறும் தந்திரம் என்று உலகுக்கு விளக்குகிறார். செல் ஒரே தட்டுத் தட்டுகிறான். சாத்தான் பறந்து போய் மலையில் மோதுகிறார். கடைசியில் செல்லைக் கொன்றது கோஹன் என்ற சிறுவன். பெயரைத் தட்டிச் சென்றது சாத்தான்.

ஆனால் அந்தச் சண்டையிலேயே ஒரு சிறு காட்சி உண்டு. உடல் சிதறித் தலை மட்டும் மிஞ்சிய 16-ஆம் எண் இயந்திர மனிதன், தன்னைக் கோஹனிடம் கொண்டுபோகச் சொல்கிறான். பயத்தில் நடுங்கிக்கொண்டே அந்தத் தலையைத் தூக்கிச் சென்று எறிபவர் சாத்தான்தான். அந்தத் தலை பேசிய சொற்களும் அதற்கு நேர்ந்த முடிவும்தான் கோஹனின் உண்மையான பலத்தை எழுப்புகின்றன.

கதையின் கடைசிப் பகுதி இன்னும் அழகு. பூ என்ற அசுரனை அழிக்க உலக மக்கள் அனைவரும் கையை உயர்த்தித் தங்கள் சக்தியைத் தர வேண்டும். வெஜிட்டா கேட்கிறான், மக்கள் மறுக்கிறார்கள். உலகத்தைப் பலமுறை காப்பாற்றிய கோக்கு கெஞ்சுகிறான். முகம் தெரியாத குரலை யாரும் நம்பவில்லை. நேரம் போகிறது. பொறுமை இழந்த சாத்தான், "நான் கேட்கிறேன், என் பேச்சைக் கேட்க மாட்டீர்களா" என்று உலகத்தையே அதட்டுகிறார். அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும். உடனே கோடிக்கணக்கான கைகள் உயர்கின்றன. பூ அழிகிறான்.

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மக்கள் சாத்தானை நம்பியது ஒரு பொய்யால். உண்மையான வீரர்கள் அடக்கமாக ஒதுங்கி இருந்ததால் அவர்களை யாருக்கும் தெரியாமல் போனது. அந்தப் பொய் தந்த புகழைச் சாத்தான் பல ஆண்டுகள் தன் சுகத்திற்கே செலவழித்தார். ஒரே ஒரு நாள் மட்டும் அதை உலகத்திற்காகச் செலவழித்தார். அந்த ஒரு நாள் அவர் இல்லாவிட்டால் கோக்குவின் பலம் அத்தனையும் வீணாகியிருக்கும்.

முடிவாக

தோரியாமா 2024 மார்ச் 1 அன்று தம் 68-ஆம் வயதில் காலமானார். டான் 2021-இல் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5"-இலும் வந்து கேலி செய்துவிட்டுப் போனான்.

மரத்திலிருந்து விழுந்த கியோகென் துறவிக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும். அவர் வழியில் வந்த கில்கமேஷுக்கும் டானுக்கும் சாத்தானுக்கும் கதாசிரியர்கள் இன்னொன்றையும் கொடுத்தார்கள். வாயால் மட்டுமே வீரனாக இருந்தவன் ஒருமுறையாவது தன் பேச்சுக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள ஒரு வாய்ப்பு. அல்லது, டானைப் போல, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் வலியை நாம் பார்க்க ஒரு வாய்ப்பு. ரசிகர்கள் இவர்களை மறக்காததற்குக் காரணம் அதுவே. உத்தரகுமாரனும் ஓடியதோடு நிற்கவில்லை, அர்ச்சுனனுக்குத் தேரோட்டிப் போர்க்களத்துக்குத் திரும்பினான் அல்லவா!