சித்திரையில் வான்கோழி வேட்டை: என் பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் இருக்கும் நம் பையன் ஒருவன், காட்டில் சுட்ட வான்கோழியோடு நின்று எடுத்த படத்தைப் போட்டான். உடனே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டீர்கள். "சித்திரை மாசம், முட்டையிடுற காலம், அதுல போய்ச் சுடுறியே, பாவமில்லையா?" என்றது ஒரு குரல். இன்னொருவர், அவரும் இப்போது ஆசிரியர்தான், "பயணிப் புறா பாடத்துல சார் என்ன சொன்னாரு, மறந்துட்டியா?" என்று என்னையும் இழுத்துவிட்டார். பையன் பதில் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

பயணிப் புறா பற்றி நான் வகுப்பில் சொன்னது உண்மைதான். வானத்தை மறைத்துப் பறந்த கோடிக்கணக்கான புறாக்களைச் சந்தைக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. "வேட்டை என்றால் அழிவு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். அதே நாட்டில், அதே காடுகளில் இன்னொரு பறவைக்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அதை நான் சொல்லவே இல்லை. எனக்கே அப்போது தெரியாது. ஆகவே இந்தப் பதிவைப் பாதி பாடம், பாதி திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பறவையைப் பற்றி. வான்கோழியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ மக்கள் அதைப் பழக்கி வீட்டில் வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் தெளிவில்லை. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டினார்கள். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுப் பெயரின் பொருளும் 'இந்தியாவிலிருந்து வந்தது' என்பதுதான். டச்சுக்காரர் சொல்லும் 'கல்கூன்' நம் பக்கத்து ஊரான கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து வந்தது! இந்தியாவுக்கு அது வந்த கதைக்குச் சான்று இருக்கிறது. 1612ல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த இந்த விநோதப் பறவையைக் கண்டு ஜஹாங்கீர் வியந்து தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

(தமிழய்யாக்கள் இப்போது கையைத் தூக்குவார்கள்: மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி வருகிறதே என்று. மூதுரை வழக்கமாகச் சொல்லப்படும் அளவுக்குப் பழைய நூல் என்றால், அதில் வருவது அமெரிக்கப் பறவையாக இருக்க வழியில்லை. இருந்த பெயரைத்தான் வந்த பறவைக்கு வைத்திருக்க வேண்டும்.)

நம் வீட்டோரம் வளரும் வான்கோழியை மனதில் வைத்துக்கொண்டு காட்டு வான்கோழியை நினைக்காதீர்கள். அது ஒல்லியாக, கால் நீளமாக இருக்கும். வேகமாக ஓடும், பறக்கும், இரவில் உயரமான மரத்தில் அடையும். மோப்பம் பெரிதாகக் கிடையாது. ஆனால் கண்ணும் காதும் அபாரம். நீங்கள் ஒரு கையை மெல்ல அசைத்தால்கூடப் போதும், அது அங்கே இருக்காது. பெஞ்சமின் பிராங்கிளின் 1784ல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட வான்கோழி மரியாதைக்குரியது என்றார். பறவை ஓவியர் ஆடுபான் தன் புகழ்பெற்ற தொகுப்பில் முதல் படமாக வைத்தது காட்டு வான்கோழிச் சேவலைத்தான்.

இவ்வளவு எச்சரிக்கையான பறவையை எப்படி அழித்தார்கள்? ஆடுபான் காலத்துக் கட்டைக்கூண்டுப் பொறியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கி நான்கு பக்கமும் மேலேயும் மூடிய கூண்டு. உள்ளே போக, கட்டைக்கு அடியில் சரிவாக ஒரு பள்ளம். பள்ளத்தின் வழியே மக்காச்சோளம் தூவியிருக்கும். தலையைக் குனிந்து கொத்திக்கொண்டே கோழிகள் வரிசையாக உள்ளே போய்விடும். தின்று முடித்து நிமிர்ந்ததும் வெளிச்சம் தெரியும் மேல்பக்கத்தையும் இடுக்குகளையும் பார்த்தபடி சுற்றிச்சுற்றி ஓடும். வந்த வழி காலடியிலேயே திறந்து கிடக்கும், ஆனால் குனிந்து பார்க்கத் தோன்றாது. மறுநாள் காலையில் கூட்டத்தையே அள்ளிக்கொண்டு போவார்கள்.

இது ஒரு வழி. இரவில் அடையும் மரத்தடியில் நின்று சுடுவது இன்னொன்று. பெட்டை, சேவல் என்ற பேதம் கிடையாது, மாதக் கணக்கும் கிடையாது. சுட்டதெல்லாம் நகரத்துச் சந்தைக்குப் போயிற்று. இன்னொரு பக்கம் காடுகளை வெட்டி வயலாக்கினார்கள். கனெக்டிகட்டில் கடைசிக் காட்டு வான்கோழி 1813ல், மாசசூசெட்ஸில் 1851ல். 1904ல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் அந்நாட்டின் செஸ்ட்நட் மரங்களைக் கூண்டோடு சாய்த்தது. கோழிக்கு இருந்த தீனியும் போயிற்று. 1930களில் நாடு முழுக்க மிஞ்சியவை 30,000தான் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இரண்டு லட்சம் வரை இருந்திருக்கும் என்பாரும் உண்டு. இன்று அறுபது லட்சத்துக்கு மேல்.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் நான் வகுப்பில் நடத்தாத பாடம்.

1900ல் லேசி சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பது குற்றம் என்றாயிற்று. சந்தை வேட்டையின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. அடுத்து 1937ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். நான் மிகவும் மெச்சுவது இதைத்தான். துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரியை (இன்று நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம்) காட்டுயிர் மீட்புக்கென்றே மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: வேட்டை உரிமக் கட்டணத்தை எந்த மாநிலமும் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது, திருப்பினால் இந்தப் பணம் கிடையாது. பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலத்தில் போட்ட சட்டம் இது. ஒன்றுக்கு ஒதுக்கிய பணம் வேறொன்றுக்குப் போவதைப் பார்த்தே சம்பளம் வாங்கிய என் போன்றவர்களுக்கு அந்த நிபந்தனையின் அருமை நன்றாகப் புரியும்.

பணம் வந்தும் கோழி உடனே வந்துவிடவில்லை. முட்டையை அடைவைத்துப் பொரித்து, பண்ணையில் வளர்த்து, ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். பென்சில்வேனியா பல பத்தாண்டுகள் இதையே செய்தது. விட்டவற்றில் பெரும்பாலானவை நரிக்கும் ஆந்தைக்கும் இரையாயின. தாயிடம் வளராத குஞ்சுக்கு எதைக் கண்டு ஓட வேண்டும், எந்த மரத்தில் அடைய வேண்டும் என்று தெரியாது. அது தீவனத் தொட்டியைத் தேடி மனிதர் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும்.

அப்படியானால் காட்டுக்கோழியையே உயிரோடு பிடித்து வேறு காட்டில் விட வேண்டும். ஆனால் அதை யார் பிடிப்பது? 1951ல் தெற்கு கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் டஃப் ஹோல்புரூக் என்ற காட்டுயிர் அலுவலர், நீர்ப்பறவைகளுக்குப் பயன்பட்ட பீரங்கி வலையைக் கோழிகள் மேல் வீசிப் பார்த்தார். வலையை மடித்து இலைதழைக்குள் மறைத்துவிடுவது, முன்னால் சோளம் தூவுவது, கோழிகள் தலை குனிந்ததும் மறைவிலிருந்து விசையைத் தட்டுவது. வெடிமருந்தின் வேகத்தில் வலை பறந்துபோய்க் கூட்டத்தின் மேல் விழும். அதே சோளம், அதே குனிந்த தலை என்பதைக் கவனியுங்கள். கட்டைக்கூண்டில் அழித்த உத்தியேதான் வலையில் காப்பாற்றியது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பிடித்த கோழிகளை அட்டைப்பெட்டியில் போட்டு மாநிலம் மாநிலமாக அனுப்பினார்கள். பண்டமாற்றும் நடந்தது. மிசோரி தன் கோழிகளைக் கென்டக்கிக்குக் கொடுத்து நீர்நாய்களை வாங்கிக்கொண்டது! மாசசூசெட்ஸில் 1972, 73ஆம் ஆண்டுகளில் விட்டவை நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த வெறும் 37 கோழிகள். 1978ல் அவை சுமார் ஆயிரமாகிவிட்டன. 1980ல் அங்கே வசந்த வேட்டைக்கே அனுமதி கொடுத்தார்கள். கைவிடப்பட்ட பண்ணைகளில் காடு தானாகத் திரும்ப வளர்ந்திருந்ததும் பெரிய உதவி. அதை மறைத்துவிட்டு வேட்டைக்காரர்களுக்கு மட்டும் மாலை போடக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் வசந்தத்தில், அதுவும் இனப்பெருக்க காலத்தில்?

அந்த வேட்டையில் சுட அனுமதி உள்ளது சேவலை மட்டும்தான். சட்டத்தில் அடையாளம் மார்பில் தாடி போலத் தொங்கும் மயிர்க்கற்றை. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும், அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கு இல்லை. பெட்டை ஒருமுறை சேர்ந்தால் வாரக்கணக்கில் கருவுற்ற முட்டையிட முடியும். ஆகவே பெட்டைகள் அடையில் உட்காரும் சமயம் பார்த்துப் பருவத்தைத் திறந்தால், சில சேவல்கள் போனாலும் அடுத்த தலைமுறைக்குக் குறைவிராது என்பது கணக்கு. இலையுதிர் காலத்தில் பெட்டையையும் சுட விட்டால்தான் ஆபத்து அதிகம். நாம் மேலோட்டமாகப் பார்த்து எது கொடுமை என்றோமோ, அதுதான் சேதம் குறைந்த வழி என்று வைத்திருந்தார்கள். மிசோரியில் இந்த முறையில் முதல் வேட்டை 1960ல், 14 கவுண்டிகளில், மூன்றே நாள். விழுந்தவை 94 சேவல்கள்.

மூன்று வருடம் முன்பு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நம் பையன்தான் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்து என்னை அந்தக் காட்டோரம் கூட்டிப்போனான். விடிவதற்கு முன் போய், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். நான் போட்டிருந்த சிவப்பு மப்ளரை முதலில் கழற்றச் சொன்னான். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாக இருக்குமாம், அந்த நிறத்தில் எது அசைந்தாலும் இன்னொரு வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிடலாம். ஒரு ஆந்தை கத்தியது. அதைக் கேட்டு எங்கோ மரத்தின் மேலிருந்த சேவல் கொளகொளவென்று பதில் கொடுத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பையன் ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்து மூடியை மெல்லத் தேய்த்தான். அச்சாகப் பெட்டைக் குரல்! (இதற்கு 1897ல் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.) இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரன் இதைத் தலைகீழாக்கிச் சேவலைத் தன்னிடம் வரவைக்கப் பார்க்கிறான். அதனால்தான் பெரும்பாலும் தோற்கிறான். அன்று சேவல் அறுபது அடி தூரத்தில் வந்து, விசிறிபோல வாலை விரித்து, ஒரு சுற்று சுற்றியது. அப்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. சேவல் மாயமாயிற்று. "பரவால்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்த ஒரு காலைக்காக அவன் எத்தனை நாள் விடுப்பு சேர்த்து வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கணக்கு இப்போதும் சரியா என்று கேட்டால், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சில வருடங்களாகக் கோழி குறைகிறது. வாழிடம் சுருங்கியது, முட்டை தின்னும் ராக்கூன் பெருகியது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றவர்கள், பருவத்தைச் சீக்கிரம் திறந்து தலைமைச் சேவல்களைச் சுட்டுவிடுவதும் இனச்சேர்க்கையைக் குலைக்கிறது என்கிறார்கள். மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஜார்ஜியா 2022ல் பருவத்தைத் தள்ளித் திறந்து, ஆளுக்கு மூன்று சேவல் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. டென்னசியும் 2023ல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டது. ஆக, முட்டையிடும் காலத்தில் சுடலாமா என்று நீங்கள் கேட்டது மடத்தனமான கேள்வி இல்லை. அங்கே விஞ்ஞானிகளே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

வேட்டையே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானே இன்றுவரை கோழிக்குழம்போடு சரி. ஆனால் என் பாடத்தை ஆயுதமாக எடுத்து என் மாணவனையே அடித்தால், பாடத்தின் மறுபாதியைச் சொல்லவேண்டியது என் கடமை.

அட்மின் தம்பிக்கு: அவன் எண் உன்னிடம் இருக்கும். இன்று ராத்திரிக்குள் அவனைக் குழுவில் திரும்பச் சேர்த்துவிடு. நேற்று போனில் பேசினேன், வருகிறேன் என்றான். அந்த மரப்பெட்டி ஒன்றைப் பேரனுக்கு அனுப்பிவைத்தவனும் அவன்தான். இப்போது எங்கள் வீட்டில் நாள் முழுக்க அந்தப் பெட்டைக் குரல்தான். எதிர்வீட்டு நாட்டுச்சேவல் மதில் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.