உங்க போன்ல இருக்கிற 'அக்சஸிபிலிட்டி' பக்கத்தை எப்பவாவது திறந்து பார்த்திருக்கீங்களா?

போன் வாங்கின புதுசுல செட்டிங்ஸை ஒரு மூலை விடாம நோண்டியிருப்பீங்க. வால்பேப்பர், ரிங்டோன், டார்க் மோட்னு எல்லாத்தையும் மாத்தியிருப்பீங்க. ஆனா 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதியை மட்டும் 'இது நமக்கில்லை'னு தாண்டிப் போயிருப்பீங்க. அந்தப் பக்கத்தை நம்பித்தான் பல மாற்றுத்திறனாளிகளின் அன்றாடம் ஓடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர்.

அதில் என்னென்ன இருக்கு, யாருக்கு எப்படி உதவுதுனு பார்த்துடலாமா?

திரையைப் படித்துச் சொல்லும் குரல்

ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்'. இரண்டுமே 2009-ல் வந்தவை, போனிலேயே இலவசமாக இருப்பவை. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும். ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். தமிழிலும் படிக்கும்.

முயற்சி பண்ணிப் பார்க்கணும்னா ஒரு எச்சரிக்கை. அதை ஆஃப் பண்றதுக்கான ஷார்ட்கட்டை முதல்ல செட் பண்ணிடுங்க. நான் அது தெரியாம ஆன் பண்ணிட்டு, ஆஃப் பண்ண முடியாம திண்டாடினேன். வாட்ஸ்அப்ல ஒரு 'ஓகே' அனுப்பவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. 'ஐயோ, பாவம்'னு நினைச்சுடாதீங்க. பழகினவங்க, நமக்குப் புரியாத வேகத்துல அந்தக் குரலை ஓடவிட்டு மடமடன்னு வேலையை முடிச்சுடுவாங்க. திணறினது எனக்குப் பழக்கம் இல்லாததால்தான்.

கம்ப்யூட்டருக்கு 'என்.வி.டி.ஏ' இருக்கிறது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே, 2006-ல் தொடங்கிய இலவச மென்பொருள். விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒன்றை எல்லோருக்கும் இலவசமாக்கியவர்கள், அதன் தேவையை நேரடியாக உணர்ந்தவர்கள்.

100 ரூபாயா, 200 ரூபாயா?

இப்போது புழங்கும் புது 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். பஸ்ஸிலோ காய்கறிக் கடையிலோ அவசரத்தில் விரலால் அதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. இதற்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற ஆப்பை வெளியிட்டது. நோட்டைக் கேமரா முன் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். இன்டர்நெட் தேவையில்லை. ஆனால், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது.

காதுக்குப் பதில் எழுத்து

'லைவ் டிரான்ஸ்கிரைப்' 2019-ல் வந்தது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, எழுத்தாகத் திரையில் ஓடும். கூகுளில் இதற்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டிமிட்ரி கனெவ்ஸ்கி, சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். வங்கியிலோ மருத்துவரிடமோ துணைக்கு ஆள் கூட்டிப்போகாமல் தானே பேசிவிட்டு வரலாம். காலிங் பெல், குழந்தையின் அழுகை, புகை அலாரம் போன்ற சத்தங்களை அதிர்வாகச் சொல்லும் வசதியும் ஆண்ட்ராய்டில் உண்டு.

கை அசையாவிட்டாலும்...

ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் அசைவை வைத்துக் கம்ப்யூட்டரை இயக்கியதைப் படித்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டின் 'கேமரா ஸ்விட்ச்' கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது. சிரித்தாலோ புருவத்தை உயர்த்தினாலோ செல்ஃபி கேமரா அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

போனுக்கு வெளியே...

வெள்ளைக் கோலால் தரையில் இருப்பதைத்தான் தட்டிப் பார்க்க முடியும். திறந்து கிடக்கும் ஜன்னல் கதவோ, தாழத் தொங்கும் மரக்கிளையோ முகத்தில் இடித்த பிறகுதான் தெரியும். ஐ.ஐ.டி டெல்லி உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்' இதற்குத்தான். முழங்கால் முதல் தலை உயரம் வரை, 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தடையை ஒலி அலைகளால் உணர்ந்து கைப்பிடியில் அதிரும்.

நம்ம ஊர் சரக்கும் இருக்கு. ஐ.ஐ.டி மெட்ராஸ் 2021-ல் அறிமுகப்படுத்திய 'நியோபோல்ட்'டை சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால், அது மோட்டார் வண்டியாகிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம்.

அப்போ எல்லாம் சரியாகிடுச்சா?

இல்லை. வங்கிக் கணக்குக்கோ சிம் கார்டுக்கோ ஆன்லைனில் கே.ஒய்.சி கேட்கும்போது, 'கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்க' என்று வருமே... ஆசிட் வீச்சில் கண் இமைகளே பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரையின் நடுவில் முகம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்? இப்படிப் பாதிக்கப்பட்டவர்களே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. கே.ஒய்.சி முறையை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்றச் சொல்லி 20 உத்தரவுகளும் போடப்பட்டன.

நீங்க என்ன செய்யலாம்?

* இன்ஸ்டாவில் போட்டோ போடும்போது 'ஆல்ட் டெக்ஸ்ட்'டில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'கடற்கரையில் நான்கு நண்பர்கள், பின்னால் அலை' போதும்.

* கல்யாணப் பத்திரிகை, காலேஜ் சர்க்குலரைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். தேதி, நேரம், இடத்தை டைப் செய்தும் அனுப்புங்கள். வெறும் படம் என்றால் போன் பெரும்பாலும் 'போட்டோ' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

* ரீல்ஸில் சப்டைட்டில் போடுங்கள்.

* 'பி மை ஐஸ்' ஆப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். பார்வைக் குறைபாடு உள்ள டென்மார்க்காரர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க்கின் யோசனையில் 2015-ல் வந்த ஆப் இது. உங்களுக்கு வீடியோ கால் வரும். எதிர்முனையில் இருப்பவர் காட்டும் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

* தெரிந்தவர்கள் யாருக்காவது தேவை இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். தகுதியுள்ள பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் உரிய செயலிகளோடு ஸ்மார்ட்போன் வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ 'போன்ல எழுத்தே தெரிய மாட்டேங்குதுப்பா'னு சொல்லிட்டிருக்காங்களா? அதே பக்கத்துல எழுத்தைப் பெரிசாக்குற வசதியும் இருக்கு. இன்னிக்கு சாயங்காலமே மாத்திக் கொடுத்துடுங்க.