அசமானகிரியும் கந்தையும்

சித்திரைத் திங்களில் சமயபுரத்தில் தேரோட்டம். தேர் என்றதும் மரச்சிற்பமே நினைவுக்கு வரும். ஆனால் நம் வட்டாரத்துத் தேர்களில் கண்ணைப் பறிக்கும் உயரத்தில் பெரும்பகுதி துணிதான். சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சீலைகளைப் போர்த்திச் சுற்றிலும் உருளை வடிவான தொம்பைகளைத் தொங்கவிடுவர். அவற்றில் காணும் கிளியும் தாமரையும் யாளியும் வண்ணம் தீட்டியவை அல்ல, நெய்தவையும் அல்ல. துணியில் உருவங்களை வெட்டியெடுத்து, வேறொரு துணியின்மேல் பொருத்தி, நூல் பிரியாதபடி விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தவை. தஞ்சை ஒட்டுத் தையல் என்று பெயர் பெற்ற கலை இது. 1676 முதல் 1855 வரை அங்கு ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில் தழைத்தது.

தொம்பை, தோரணம், குடை என்னும் இத்தையற் பொருள்களுள் தலைக்குமேல் கட்டும் விதானத்துக்கு மட்டும் ஒரு விந்தையான பெயர் உண்டு: அசமானகிரி. ஆஸ்மான் என்றால் பாரசீக மொழியில் வானம். கீர் என்றால் பிடிப்பது. வானத்தைப் பிடித்து நிறுத்தும் துணி! தக்காணத்து அரசவைகளில் வழங்கிய பாரசீகச் சொல் மராத்தியில் புகுந்து, மராத்தியரோடு காவிரிக் கரைக்கு வந்து, கோயில் மண்டபத்தில் இடம் பிடித்துக்கொண்டது. இதைக் கேட்டு அவர்களிலும் சிலர் புருவம் உயர்த்துவர், நம்மவரிலும் சிலர் உயர்த்துவர். தைப்பவர்களோ அதைத் தம் ஊர்ச்சொல்லாகவே சொல்லிப் பழகிவிட்டனர்.

அரசவையில் விதானமென்றால் பாசறையில் கூடாரம். 1752இல் திருச்சிக் கோட்டைக்காக நடந்த போரில், இன்று தேரோடும் இதே சமயபுரத்தில் கிளைவின் படை பாடியிறங்கியது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஸ்ரீரங்கத் தீவில் இருந்தனர். அக்காலத்துப் படையெடுப்பு எதுவும் தையற்காரர் இல்லாமல் நடந்திருக்க முடியாது. கூடாரத் தையல் இழிந்த தொழிலாகவும் கருதப்படவில்லை. கவிஞர் உமர் கய்யாமின் பெயரில் உள்ள கய்யாம் என்ற சொல்லுக்கே கூடாரம் செய்பவர் என்பது பொருள். கெய்ரோவில் ஸுவைலா வாயிலை அடுத்த கூடாரக்காரர் தெருவில் இன்றும் ஆடவர் அமர்ந்து ஒட்டுத் தையல் தைக்கின்றனர். அந்நகரத்துப் பொன்னூல் வேலைக்கு இதனினும் பெரும்புகழ். கஃபாவின் கிஸ்வா, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1962 வரை எகிப்திலிருந்தே சென்றுகொண்டிருந்தது.

தேரும் கூடாரமும் கிஸ்வாவும் வரலாற்றில் ஏறிவிட்டன. பொருள் கொடுத்தவர் இருந்தார், கணக்கெழுதியவரும் இருந்தார். அதே ஊசியை வீட்டுக்குள் பிடித்த பெண்களின் கதை வேறு.

நூற்சேலை நைந்தால் அதை எறிவது நம் இல்லங்களில் வழக்கமாக இருந்ததில்லை. மூன்று நான்கு சேலைகளை அடுக்கி, ஓரம் மடித்து, நெடுக நூலோட்டிப் பிள்ளைக்கு விரிப்பாக்கினர். வங்கத்தில் இதற்குக் காந்தா என்று பெயர்; பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைப்பர். நம்முடைய கந்தை என்ற சொல்லும் அதன் உறவுதான். அங்கே அது கலையின் பெயராயிற்று. இங்கே வறுமையின் பெயராக நின்றுவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு நியாயமாகப் படவில்லை.

இத்தனைக்கும் ஒட்டுப்போட்ட ஆடையை நம் ஸூஃபிகளைப் போல் உயர்த்தியவர் எவருமில்லை. முரக்கா என்று அதற்குப் பெயர். முகலாயர் பலரது ஓவியங்களையும் எழுத்துகளையும் சேர்த்து ஒட்டிய ஏடுகளுக்கும் அதே பெயரைச் சூட்டினர். லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கஷ்ஃபுல் மஹ்ஜூபில் இவ்வாடைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். தூஸ் நகரத்துப் பெரியார் அபுல் காஸிம் குர்கானியிடம், ஏழ்மையை மேற்கொண்டவனுக்குக் குறைந்தது என்னென்ன வேண்டும் என்று அவர் கேட்டாராம். பெரியார் சொன்ன மூன்றில் முதலாவது, ஒட்டைச் சரியாகப் போடத் தெரிந்திருப்பது! அழகுக்கென்றில்லாமல் ஏழ்மைக்கென்று போடும் ஒட்டே சரியானது, தையல் கோணியிருந்தாலும் அது நேரானதே என்று ஹுஜ்வீரி அதற்கு விளக்கம் தருகிறார்.

அப்படியிருந்தும் நம் பாட்டிமார் தைத்தவை ஏன் மிஞ்சவில்லை? அல்தாய் மலைப் பகுதியில் பாசிரிக் என்னுமிடத்தில் பனியில் உறைந்த கல்லறைகளை 1929இலும், பின்னர் 1947 முதல் 1949 வரையிலும் ருஷியர் அகழ்ந்தபோது, கம்பளியில் கம்பளி வெட்டிப் பதித்த தொங்கற்சீலைகள் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை அவை. அடித்து இறுக்கிய கம்பளிக்கு நூல் பிரிவதில்லை, ஆதலால் விளிம்பை மடிக்கவும் வேண்டாம். அவை இறந்தவருக்காகப் புதைக்கப்பட்டதால் பிழைத்தன. நம் வீட்டு விரிப்போ உயிரோடிருப்பவருக்காகத் தைத்தது. பிள்ளை நனைக்கும், தாய் துவைப்பாள். அடுத்த பிள்ளைக்கும் அதுவே. இறுதியில் அடுப்படித் துணியாகி மறையும். பழையதில் பிறந்து பழையதாகவே தேய்ந்துபோவதை எந்த அருங்காட்சியகம் எடுத்து வைக்கும்? உங்கள் வீட்டுப் பெட்டியடியில் ஒன்று கிடந்தால், தைத்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு துண்டில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள்.

இன்றும் கண்முன் நடப்பதைக் காண விரும்புவோர் கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்துக்குச் செல்லலாம். கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினரான சித்திகள் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவரும் இந்துக்களும் உண்டு. பெண்கள் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வை தைக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து, நடுவில் வந்து முடிப்பர். பின்னர் நான்கு மூலையிலும் துணியை மடித்து அடுக்கிய ஒரு சிறு பூ வைப்பர். குளிருக்கு அப்பூவால் பயனேதும் இல்லை. தூஸ் நகரத்துப் பெரியார் அதைச் சரியான ஒட்டென்று ஒப்பியிருப்பாரோ, மாட்டாரோ! அது இல்லாத கவந்தியை அப்பெண்கள் முடிந்த போர்வையாகக் கருதுவதில்லை.