தாது மட்டும் போதுமா?

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையைக் கடக்கும் வண்டிகளுள் இன்று மின்சாரக் கார்களையும் காண்கிறோம். இவற்றின் மின்கலங்களுக்கு இன்றியமையாத உலோகம் லித்தியம். இந்த உலோகம் நம் நாட்டிலேயே கிடைத்துவிட்டது என்ற செய்தி 2023 பிப்ரவரியில் பெரும் பரபரப்பை ஊட்டியது. அதை எடைபோட, இதே வட்டாரத்தின் பழைய வரலாறு ஒன்று உதவும்.

ஏறத்தாழ 1830ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் ஓர் இரும்பு ஆலையை நிறுவினார். தாதுவுக்குக் குறைவில்லை, சேலம் பகுதியில் மலை மலையாக இருந்தது. அங்கு உருக்கப்பட்ட இரும்பும் தரமானதே. ஷெப்பீல்டு எஃகு ஆலைகள் வரை அது சென்றது. ஆனால் உலையை எரிக்க மரக்கரி தேவை. காடுகள் வெட்டப்பட வெட்டப்பட, கரி தொலைவிலிருந்து வரலாயிற்று, செலவு ஏறியது. இங்கிலாந்திலோ கற்கரியால் இரும்பு மலிவாக உருக்கப்பட்டது. நட்டம் மேலிட்டு, அந்நூற்றாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. தாது மட்டும் ஒரு தொழிலாகிவிடாது என்பதே இதன் பாடம்.

இனி லித்தியத்துக்கு வருவோம். 1817இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஆர்ஃப்வெட்சன், பெடலைட் என்னும் கனிமத்தில் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. உலோகங்களுள் மிக இலேசானது இதுவே. எடையில் நீரின் பாதியளவே இருக்கும். எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் இயல்பும் உண்டு. ஆகவே சிறு எடையில் மிகுந்த மின்னாற்றலைச் சேமிக்க ஏற்றது. 1991இல் லித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வந்தது.

இன்று ஆஸ்திரேலியாவில் ஸ்போடுமீன் என்னும் பாறைக் கனிமத்திலிருந்தும், சிலி, அர்ஜென்டினா நாடுகளில் உப்பு நீரிலிருந்தும் லித்தியம் பெருமளவில் எடுக்கப்படுகிறது. ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் சலால்–ஹைமனா பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கண்டதோ வேறு வகை. அங்கு லித்தியம் களிமண், பாக்சைட் படிவுகளில் கலந்துள்ளது. இவற்றிலிருந்து மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை இன்னும் நன்கு கைவரவில்லை. அறிவிக்கப்பட்ட 59 இலட்சம் டன்னும் தாதுவின் எடையே; உலோகம் அதில் மிகச் சிறு பங்கு. அதுவும் தொடக்க ஆய்வால் ஊகித்த அளவேயன்றி, துளையிட்டு முற்றிலும் உறுதி செய்த இருப்பன்று.

2023 நவம்பரில் இவ்விடம் ஏலத்துக்கு விடப்பட்டது. போதிய ஏலதாரர் இல்லாமையால் 2024 மார்ச்சில் ஏலம் ரத்தாயிற்று. மறு ஏலமும் பயன் தரவில்லை.

ஹீத்துக்கு எரிபொருள் தடையாயிற்று. ரியாசியில் பிரித்தெடுக்கும் முறையே தடை. அத்துடன் அது செனாப் நதியை ஒட்டிய மலைநாடு. நிலச்சரிவும் நிலநடுக்கமும் அஞ்சத்தக்க இடம். தோண்டும் மண்ணும் கழிவும் எங்கே போகும், நீர் எங்கிருந்து வரும், நிலம் இழப்போருக்கு என்ன கிடைக்கும் என்னும் வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும். பரங்கிப்பேட்டையில் இரும்பு உருகியபோது காடுகளின் கணக்கை எவரும் பார்க்கவில்லை. இம்முறையேனும் அக்கணக்கைத் தோண்டுமுன் பார்த்துவிடுவது நலம்.