ஒரு விடுதலை, இரண்டு விடுமுறை

ஆகஸ்ட் 15 முடிந்த மறுநாள் தமிழ்நாட்டில் பள்ளி உண்டு. புதுச்சேரியில் கிடையாது. சாரத்தில் கடைகள் திறந்திருக்கும், காமராஜ் சாலையில் வண்டிகள் வழக்கம்போல் இரையும். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மட்டும் பூட்டிக் கிடக்கும். வடக்கே கோரிமேட்டு எல்லையைத் தாண்டிவிட்டால் அதே நாள் சாதாரண வேலைநாள். இது போதாதென்று நவம்பர் 1ஆம் தேதியும் புதுச்சேரிக்கு விடுமுறை. ஒரே விடுதலைக்கு எதற்கு இரண்டு நாள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்து ஒன்றைப் பிடுங்கிவிட்டால்?

1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் மூவர்ணக் கொடி ஏறியபோது புதுச்சேரியில் பறந்ததும் மூவர்ணக் கொடிதான், ஆனால் பிரான்சுடையது. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் அப்படியே. வங்காளத்துச் சந்திரநாகூர் மட்டும் 1949இல் வாக்களித்து, 1950இல் இந்தியாவின் கைக்கு வந்தது. இங்கே இழுபறி 1954 வரை நீண்டது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் கொம்யூன் மேயர்கள் இணைப்புக்குத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற எதுவார் குபேர் அணி மாறினார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிவிட்டது. கடற்கரைச் சாலை இன்று குபேர் பெயரில் இருக்கிறது. கம்யூனிஸ்டுத் தலைவர் வ. சுப்பையா அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் போராடியவர். யார் பெயர் எந்தச் சாலைக்குப் போனது என்பதில் எப்போதும் நியாயம் இருப்பதில்லை.

பிரான்சு நினைத்தாலும் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது. அந்நாட்டின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு, அங்குள்ள மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. எல்லா மக்களையும் வாக்குச்சாவடிக்கு அழைப்பதற்குப் பதிலாக, அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்டாலே போதும் என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அதற்கு இடமாக அமைந்தது தலைநகரம் அல்ல, வில்லியனூர் பக்கத்துக் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8.

அதன்பின் வேகம்தான். மூன்றே நாளில், அக்டோபர் 21 அன்று, தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையர் ஆனார். பிரெஞ்சு நாட்காட்டியில் அது புனிதர் அனைவர் திருநாள்; பிரான்சு முழுக்க விடுமுறை. அங்கே கல்லறைகளுக்குப் பூ வாங்கும் நாளில் இங்கே கொடி மாறியது.

ஆனால் காகிதம் மாறவில்லை. 1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும், அது தரவில்லை. அப்போது அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தைச் சட்டப்படி விட்டால் இன்னொன்றையும் கேட்பார்கள் என்ற பயம் பாரிசில் இருந்தது. அல்ஜீரியப் போர் 1962இல் ஓய்ந்தது. அதே ஆண்டில்தான் ஒப்புதலும் வந்தது. ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் பரிமாறப்பட்டன. ஆக, ஏறத்தாழ எட்டு வருடம் இந்தியா ஆண்ட புதுச்சேரி, சட்டத்தின் கண்ணில் பிரான்சின் நிலமாகவே இருந்தது.

வெறும் சம்பிரதாயத் தேதி என்று ஆகஸ்ட் 16ஐ ஒதுக்கிவிட முடியாது. அன்று தொடங்கி ஆறு மாத அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. பேரப்பிள்ளை பாரிசுக்கு விசா இல்லாமல் போகிறான் என்றால் அதன் வேர் அந்த ஆறு மாதத்தில் இருக்கிறது. எழுதிக் கொடுக்காமல் விட்ட வீட்டில் இன்றைக்கும் தாத்தாவுக்குத் திட்டு விழும். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதியாகச் சேர்த்தபோதும், சேர்ப்பு ஆகஸ்ட் 16 முதலே செல்லும் என்று எழுதியது.

அரசு பத்திரத் தேதியைப் பிடித்துக்கொண்டதில் அதனால் வியப்பில்லை. அலுவலகத்துக்குப் புரிவது கையெழுத்துதானே. ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் ஆயிற்று. உண்மையில் கொடி மாறிய நாள்தான் விடுதலை நாள் என்று விடுதலைப் போராட்டத் தியாகிகள் வாதாடினார்கள். அது அரசு விழாவாக ஆனது 2014இல், ரங்கசாமி முதல்வராக இருந்தபோது. அதாவது அறுபது வருடம் கழித்து. இப்போது நவம்பர் 1 காலையில் கடற்கரைச் சாலையில் முதல்வர் கொடியேற்றி அணிவகுப்பைப் பார்வையிடுகிறார். அதே கடற்கரையில், போர் நினைவுச் சின்னத்தின் முன், ஜூலை 14 அன்று பிரெஞ்சுத் தேசிய நாளும் நடக்கிறது. முன்னாள் சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருகிறார்கள், இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கிறது. அதற்கு விடுமுறை கிடையாது.

புதிய விடுமுறை வந்தபோது பழையதை எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் கூடாது, இரண்டும் உண்மையான தேதிகள். என் மனத்தாங்கல் வேறு. ஒவ்வோர் ஆகஸ்ட் 16 அன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி, மலர்வளையம் வைத்து, தியாகிகளைச் சிறப்பிக்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று கீழூரில் எதுவும் நடக்கவில்லை. அங்கே வாக்குப் பெட்டி வைத்த அக்டோபர் 18 விடுமுறைப் பட்டியலில் இல்லை.