நடு மைதானத்தில் ஒரு சின்ன மரத்தளம்

1968 ஜனவரி 20 இரவு எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால், கூடைப்பந்துத் தளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேணும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஆஸ்ட்ரோடோம், பேஸ்போலுக்காக 1965இல் திறக்கப்பட்ட, முழுக்கக் கூரை போட்ட குவிமாட அரங்கு. அதன் நட்டநடுவில் பாய் விரித்த மாதிரி ஒரு மரத்தளம். சுற்றிவர வெறும் நிலம். அதற்கும் அங்காலதான் சனம்: 52,693 பேர்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லொஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ.யும் மோதிய ஆட்டம் அது. தொடர்ந்து 47 ஆட்டங்கள் வென்றிருந்த யூ.சி.எல்.ஏ. 69-71 எண்டு தோற்றது. ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் எடுத்தார். கண்ணில் காயத்தோடு ஆடிய லூ அல்சின்டர் (பிறகு கரீம் அப்துல் ஜபார்) 15 மட்டும்தான். அந்தத் தளத்தைக்கூட லொஸ் ஏஞ்சலிஸிலிருந்துதான் கொண்டுவந்து பூட்டினார்கள்.

சப்பாத்து கிறீச்சிடுவது கேட்கும் தூரத்தில் இருந்து பார்க்கவேண்டிய விளையாட்டை ஏன் இப்படித் தள்ளி வைத்தார்கள்? ரிக்கற் காசு ஒரு காரணம். ரீவி மற்றது. நாடு முழுக்க இரவின் முக்கிய நேரத்தில் காட்டப்பட்ட முதல் வழமைப் பருவ கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் இதுதான். அரங்கில் இருந்தவருக்கு எறும்பாய்த் தெரிந்த ஹேய்ஸ், வீட்டில் இருந்தவருக்கு முழு ஆளாய்த் தெரிந்தார்.

பிறகு வழி திறந்துவிட்டது. தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் 1971இல் அதே ஆஸ்ட்ரோடோமுக்கு வந்தன. 1982இல் நியூ ஓர்லியன்ஸ் சூப்பர்டோமில், 61,612 பேர் முன்னால், முதலாம் ஆண்டு மாணவன் மைக்கல் ஜோர்டன் போட்ட பந்து வட கரோலினாவை 63-62 எண்டு வெல்லவைத்தது. ஆண்களின் இறுதிச்சுற்று சாதாரண கூடைப்பந்து அரங்கில் கடைசியாக நடந்தது 1996இல். 2009இல் டெட்ராய்ட்டில் தளத்தை உயர்த்தி மைதானத்தின் நடுவிலேயே போட்டார்கள், 1968 மாதிரியே. அன்றைய இறுதியாட்டத்துக்கு 72,922 பேர். 2014இல் டெக்சஸில் 79,238.

கூடைக்குப் பின்னால் சுவரோ கிட்டின சனமோ இல்லை, பெரிய வெற்றிடம்தான்; தூரத்தைக் கணிக்கக் கஷ்டம் என்பது பழைய முறைப்பாடு. 2011இல் ஹூஸ்டனின் இன்னொரு பெரிய அரங்கில் பட்லர் அணி 64 தரம் எறிந்து 12ஐத்தான் போட்டது. நம்பிவிடலாம் போல இருக்கும். ஆனால் 2016இல் அதே கட்டடத்தில் வில்லனோவா அரையிறுதியில் 71 வீதம் போட்டு, ஒக்லஹோமாவை 44 புள்ளிகளால் வென்றது. பழியைக் கூரையில் மட்டும் போட எங்களால் முடியவில்லை.

எங்களை உறுத்துவது வேறொன்று. ஹேய்ஸும் டொன் சேனியும் ஹூஸ்டன் அணியில் சேர்ந்த முதல் கறுப்பின வீரர்கள். அவர்கள் ஆட, அரங்கு நிறைந்தது, ரீவி உழைத்தது. ஆனால் கல்லூரி வீரர் ‘அமெச்சூர்’ என்பதுதான் விதி. அதனால் புலமைப்பரிசில் கிடைக்கும், சம்பளம் கிடையாது. கூட்டம் எழுபதாயிரத்தைத் தாண்டிய பிறகும் அந்த விதி அப்படியே நிண்டது. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்க வீரர்களுக்கு 2021இல்தான் அனுமதி வந்தது. பல்கலைக்கழகங்கள் நேரடியாகக் காசு கொடுக்கலாம் எண்டு ஆனது 2025 ஜூலையில். அதற்குள் ஹேய்ஸுக்கு வயது 79.